வெளிநாட்டுக் களப்படிப்பு: கோஸ்டா ரிகாவா, போர்னியோவா, கென்யாவா?

விலங்கியல், தாவரவியல், காட்டுயிர் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் வெளிநாட்டுக் களப்படிப்பைப் பற்றி விசாரிக்கும்போது முதலில் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: “எங்கே போனால் நிறைய மிருகம் பார்க்கலாம்?” பதில் சுலபம், கிழக்கு ஆப்பிரிக்கா. கென்யாவின் புல்வெளியில் ஒரே காலைப்பொழுதில் யானை, வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி, காட்டெருமை எல்லாம் கண்ணில் பட்டுவிடும். ஆனால் அந்தக் கேள்வியை மட்டும் வைத்து இடத்தைத் தேர்ந்தெடுத்தால், வீட்டார் கடன்பட்டுக் கட்டிய பணத்தில் நீளமான ஒரு சஃபாரி போய் வந்ததாகத்தான் முடியும்.

நான் கேட்கச் சொல்லும் கேள்வி வேறு. அங்கே போய் யாருடைய கேள்விக்கு வேலை செய்யப் போகிறீர்கள்? ஆசிரியர் கைபிடித்துக் கேள்வி கேட்கப் பழக்குவாரா? பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் ஓர் ஆய்வில் நீங்களும் ஒரு கையாகச் சேரப் போகிறீர்களா? யாரோ முன்பே நட்டு வேலிபோட்டு வைத்த ஒரு சோதனையை அளக்கப் போகிறீர்களா? மூன்றுமே நல்ல படிப்புதான். ஆனால் ஒருவருக்குப் பொருந்துவது இன்னொருவருக்குப் பொருந்தாது. ஒவ்வொன்றுக்கும் நான் நன்றாக அறிந்த ஓர் இடத்தை எடுத்துக்கொள்கிறேன்: கோஸ்டா ரிகாவின் லா செல்வா, போர்னியோ தீவில் மலேசியாவின் சபா மாநிலத்துக் கினபாத்தாங்கான் ஆற்றங்கரை, கென்யாவின் லைக்கிபியா.

லா செல்வா: கேள்வி கேட்கப் பழகும் இடம்

லா செல்வா கரீபியக் கடல் பக்கத்துத் தாழ்நில மழைக்காடு. புவெர்ட்டோ வியெஹோ தெ சரப்பிக்கி என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஏறத்தாழ 1,600 ஹெக்டேர் பரப்பு. 1954-இல் லெஸ்லி ஹோல்ட்ரிட்ஜ் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் பண்ணைக்காக வாங்கிய நிலம் இது. 1968-இல் ஓ.டி.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் வெப்பமண்டல ஆய்வுகளுக்கான அமைப்பின் கைக்கு வந்தது. அந்த அமைப்பு, அமெரிக்க, கோஸ்டா ரிகப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 1963-இல் தொடங்கிய கூட்டமைப்பு. ஆண்டுக்குச் சுமார் 4 மீட்டர் மழை, சென்னையில் பெய்வதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. துணி காயாது, நோட்டு காயாது, பூட்ஸ் காயவே காயாது.

இங்கே நடக்கும் கோர்ஸ்களின் முறை எனக்கு மிகவும் பிடிக்கும். காலையில் ஆசிரியர் ஒரு சின்னக் குழுவைக் காட்டுக்குள் அழைத்துப் போவார். கண்ணில் பட்டதிலிருந்து ஒரு கேள்வியைப் பிடிக்க வேண்டும். வெளிச்சம் இருக்கும்போதே அளந்து முடிக்க வேண்டும். சாயங்காலம் கணக்குப் போட்டு, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லார் முன்னாலும் நின்று சொல்ல வேண்டும். அடுத்து வேறு ஆசிரியர், வேறு கேள்வி. இப்படியே பழகிய பிறகு, கடைசியில் சொந்தமாக ஒரு சிறு ஆய்வு.

இலைவெட்டி எறும்பை எடுத்துக்கொள்ளுங்கள். காட்டுப் பாதையில் பச்சை இலைத்துண்டுகள் வரிசையாக நகர்ந்து போவது எல்லார் கண்ணிலும் படும். பாதையோரம் குந்தி உட்கார்ந்து உற்றுப் பார்த்தால், சில இலைத்துண்டுகளின் மேல் இன்னொரு பொடி எறும்பு சவாரி செய்வது தெரியும். அதுவும் அதே கூட்டைச் சேர்ந்த வேலைக்காரிதான். ஃபோரிட் என்ற சின்ன ஈ, இலை தூக்கிப் போகும் எறும்பின் உடலில் முட்டையிடப் பார்க்கும். தாடையால் இலையைக் கவ்வியிருக்கும் எறும்பால் திருப்பிக் கடிக்க முடியாது. மேலே உட்கார்ந்திருப்பவள் அந்த ஈயை விரட்டுகிறாள். பனாமாவில் முன்பே ஆராய்ந்து எழுதப்பட்ட விஷயம் இது. ஆனால் ஒரு பி.எஸ்சி. மாணவி புத்தகத்தில் படிக்காமல் தன் கண்ணால் அதைக் கண்டு, “ஈ பகலில்தான் வருகிறது என்றால் ராத்திரியில் சவாரிக்காரிகள் குறைய வேண்டுமே” என்று யோசித்து, டார்ச் லைட்டோடு போய் எண்ணிப் பார்க்கிறாள் என்று வையுங்கள். அந்த ராத்திரியில் அவள் கற்றுக்கொள்வதை எந்த வகுப்பறையும் கொடுத்துவிட முடியாது.

குறைகளும் உண்டு. ஒவ்வொரு கேள்விக்கும் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. எண்ணிக்கை போதாமல் முடிவு தெளிவில்லாமல் நிற்பது வழக்கம். கூடப் படிப்பவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களாக இருப்பார்கள். கிராமத்துக்காரர்களோடு பேச ஸ்பானிஷ் வேண்டும், அதற்கு நேரம் இருக்காது. ஆபத்து என்று பார்த்தால் இரண்டைச் சொல்ல வேண்டும். பாலத்துக் கைப்பிடியில் பார்க்காமல் கை வைக்கக்கூடாது, அங்கே தோட்டா எறும்பு ஊரும். கொட்டினால் வலி ஒரு நாள் முழுக்க நிற்கும். இன்னொன்று தெர்சியோபேலோ என்கிற விரியன் வகைப் பாம்பு. சருகோடு சருகாகக் கிடக்கும் என்பதால்தான் ரப்பர் பூட்ஸ் இல்லாமல் காட்டுக்குள் விடமாட்டார்கள். கோஸ்டா ரிகாவில் விஷமுறிவு மருந்தை நாட்டுக்குள்ளேயே, பல்கலைக்கழகத்தின் குளோடோமிரோ பிக்காதோ நிலையத்தில் தயாரிக்கிறார்கள். இந்த விஷயத்தில் பல நாடுகளைவிட அது நம்பிக்கையான இடம்.

லா செல்வாவின் உண்மையான சொத்து அங்கே சேர்ந்திருக்கும் பழைய கணக்குகள். டெபோரா கிளார்க், டேவிட் கிளார்க் இருவரும் 1984 முதல் 2000 வரை ஆண்டுதோறும் மரங்களை அளந்து, வெப்பம் கூடிய ஆண்டுகளில் மரங்கள் குறைவாகவே பருக்கின்றன என்று காட்டினார்கள். 1970-இலிருந்து பலர் எடுத்து வைத்த தவளை, பல்லிக் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு குழு, 35 ஆண்டுகளில் அவற்றின் அடர்த்தி ஏறத்தாழ 75 சதவீதம் குறைந்துவிட்டது என்று 2007-இல் எழுதியது. அந்தக் காட்டை யாரும் வெட்டவில்லை. தட்பவெப்பம் மாறித் தரையில் கிடக்கும் இலைச்சருகு குறைந்ததே காரணமாக இருக்கலாம் என்றார்கள். பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள்ளேயே இப்படி நடக்கிறது என்பது என்னை இன்றைக்கும் உறுத்துகிறது. இருபது வயதில் ஒரு மாணவர் ஒழுங்காகத் தவளை எண்ணி, தேதியும் இடமும் சரியாகக் குறித்து வைத்ததற்கு எவ்வளவு மதிப்பு என்று இதைவிடத் தெளிவாகச் சொல்லும் சான்று எனக்குத் தெரியாது.

கினபாத்தாங்கான்: துண்டு துண்டான காடு

கினபாத்தாங்கான் ஆறு 560 கிலோமீட்டர் ஓடி சுலு கடலில் சேர்கிறது. அதன் கீழ்ப்பகுதியில் 2005-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட சுமார் 26,000 ஹெக்டேர் காடு பத்துத் துண்டுகளாகக் கிடக்கிறது. நடுவிலும் சுற்றிலும் கண்ணுக்கு எட்டியவரை எண்ணெய்ப்பனைத் தோட்டம். அந்தத் துண்டுகளில் ஒன்றில் இருக்கிறது டானாவ் கிராங் கள நிலையம். சபா வனவிலங்குத் துறையும் பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2008-இல் தொடங்கியது. போய்ச்சேரப் படகுதான் வழி. கார்டிஃப் மாணவர்கள் சிலர் பட்டப்படிப்பின் நடுவே பயிற்சி ஆண்டாக ஒரு வருடம் முழுக்க இங்கே தங்குகிறார்கள். குறுகிய கள வகுப்புக்காக வந்து போகும் குழுக்களும் உண்டு. இரண்டையும் ஒன்றாக நினைக்காதீர்கள். நான் இங்கே பேசுவது நீண்ட காலம் தங்குவதைப் பற்றி.

இங்கே மாணவர் தனக்கென்று கேள்வி கண்டுபிடிக்கும் முன்பே, ஓடிக்கொண்டிருக்கும் வேலைக்குள் இறங்கிவிடுவார். ராத்திரிப் படகில் முதலைக் கண்களை எண்ணுவது, உடும்புக்குப் பொறி வைப்பது, நீள்மூக்குக் குரங்குகள் எந்த மரத்தில் அடைகின்றன என்று குறிப்பது, எறும்புத்தின்னிக்கும் மரநாய்க்கும் மாட்டிய கருவியின் சிக்னலைத் தேடி அலைவது என்று வேலைக்குக் குறைவில்லை.

மிருகம் கடக்கும்போது தானாகவே படம் எடுக்கும் கேமரா ட்ராப் வேலையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு, மேகத்திட்டுபோலப் புள்ளிகள் கொண்ட படைச்சிறுத்தையின் படம் மட்டும்தான் தெரிகிறது. சேற்றில் நடந்து மரத்தை அடைந்து பெட்டியைத் திறந்தால், உள்ளே எறும்பு முட்டையோடு குடியேறியிருக்கும். அதைத் தட்டி உதற வேண்டும். ஈரத்துக்காகப் போட்ட சிலிக்கா ஜெல் பொட்டலத்தை மாற்ற வேண்டும். பேட்டரி, மெமரி கார்டு, தேதி, நேரம் எல்லாவற்றையும் சரிபார்த்து, கேமராவின் முன்னால் மிருகம்போல நாலு காலில் தவழ்ந்து போய், அது நம்மைப் பிடிக்கிறதா என்று சோதிக்க வேண்டும். யானை தும்பிக்கையால் இழுத்துத் திருப்பிவிட்ட பெட்டியும் நடுவே கிடைக்கும். நிலையத்துக்கு வந்து கார்டைப் போட்டால் ஆயிரக்கணக்கில் படம். காற்றில் ஆடிய இலையே முக்கால்வாசி. இடையிடையே பன்றிவால் குரங்குக் கூட்டம், தாடிப்பன்றி, சருகுமான். எப்போதாவது ஒரு படைச்சிறுத்தை. தேதி ஒரு நாள் தவறாகப் பதிந்திருந்தாலும் அந்தக் கேமராவின் ஒரு மாத உழைப்பு சந்தேகத்துக்கு உள்ளாகும். இதை மாதக்கணக்கில் செய்து பழகிய பிள்ளையின் கையில் எந்த ஆய்வாளரும் நம்பிக் கருவியைக் கொடுப்பார்.

களத்தில் சொல்லிக்கொடுப்பவர்கள் பல நேரம் பேராசிரியர்களாக இருக்க மாட்டார்கள். ஆற்றங்கரைக் கிராமங்களைச் சேர்ந்த ஓராங் சுங்காய் மக்கள்தான் படகோட்டிகளாகவும் கள உதவியாளர்களாகவும் இருப்பவர்கள். எந்தக் கிளையாற்றில் இன்றைக்குத் தண்ணீர் ஏறும், எந்தப் பழம் எப்போது பழுக்கும், யானைக்கூட்டம் எந்தப் பக்கம் போயிருக்கிறது என்பதெல்லாம் அவர்களிடம்தான் கற்க வேண்டும். கொஞ்சம் மலாய் கற்றுக்கொண்டு போகிறவருக்குக் கிடைக்கும் படிப்பு இரண்டு மடங்கு. மலேசியத் தமிழ் மாணவர்களுக்கு இது பெரிய வசதி. ஏனோ அவர்களில் மிகச் சிலரே இந்தப் பக்கம் வருகிறார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து போகும் மாணவருக்கும் இந்த இடம் அந்நியமாகத் தோன்றாது. வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மழைக்காடு துண்டு துண்டாக நிற்கிறது. புதுத்தோட்டத்துச் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்க மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். கினபாத்தாங்கானின் கிளையாறுகளுக்குக் குறுக்கே ஓராங்குட்டான்களுக்காகக் கயிற்றுப்பாலம் கட்டும் வேலையை சுகாவ் கிராமத்தைச் சேர்ந்த ஹுத்தான் அமைப்பு 2003-இலிருந்து செய்து வருகிறது. இருவாச்சி அங்கேயும் உண்டு, யானை உண்டு, கடமான் உண்டு, தேவாங்கின் உறவும் உண்டு. அங்கே கற்றதை ஊருக்கு வந்ததும் அப்படியே பயன்படுத்தலாம். கென்யப் புல்வெளியில் கற்பதை அவ்வளவு நேராக இங்கே பொருத்த முடியாது.

சபாவிலேயே வேறு வகைக் காடு வேண்டுமென்றால் டானும் பள்ளத்தாக்கு இருக்கிறது. 438 சதுர கிலோமீட்டர், பெரும்பகுதி வெட்டுப்படாத காடு. 1986-இலிருந்து கள நிலையம் இயங்குகிறது, பிரிட்டனின் ராயல் சொசைட்டி நீண்டகாலம் அங்கே ஆய்வுத் திட்டம் நடத்தியது. 100.8 மீட்டர் உயரமுள்ள மெரந்தி மரம் இங்கேதான் நிற்கிறது. 2019-இல் உண்டிங் ஜாமி என்பவர் அதன் உச்சிவரை ஏறி நாடா விட்டு அளந்தார். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளைக்குங்கிலிய மரமும் அதே குடும்பம். தாவரம், மண், பூச்சி என்று ஆர்வம் உள்ளவர்கள் டானும் போகலாம். ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். போர்னியோவில் இந்தக் குடும்பத்து மரங்கள் பெரும்பாலும் ஆண்டுதோறும் பூப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காடே சேர்ந்து பூக்கும். மகரந்தச் சேர்க்கை பற்றி ஆய்வுத் திட்டம் எழுதிக்கொண்டு, பூக்காத ஆண்டில் போய் இறங்கினால் கையைப் பிசைய வேண்டியதுதான்.

உடம்பைப் பொறுத்தவரை சபா சுலபமான இடமில்லை. அட்டை உண்டு. பழுப்பு அட்டை கடிப்பது தெரியவே தெரியாது, வரி அட்டை கடித்தால் சுருக்கென்று தெரியும். முழங்கால்வரை ஏறும் அட்டைக் காலுறை வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அட்டைக்குப் பயந்து மலேரியாவை மறந்துவிடக்கூடாது. குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் நோலெசி மலேரியா சபாவில் சாதாரணம். வேகமாகப் பெருகக்கூடியது, காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். எலிக்காய்ச்சலையும் அலட்சியம் செய்யாதீர்கள். 2000-இல் சபாவில் நடந்த ஒரு சாகசப் போட்டியில் செகாமா ஆற்றில் இறங்கிய வீரர்கள் பலர் அந்தக் காய்ச்சலோடுதான் ஊர் திரும்பினார்கள். காலில் புண் இருக்கும்போது ஆற்றில் இறங்காதீர்கள்.

லைக்கிபியா: வேலிக்கு உள்ளேயும் வெளியேயும்

கென்யாவில் மசாய் மாராவைத்தான் எல்லாரும் சொல்வார்கள். படிப்புக்கு நான் சொல்வது நடு கென்யாவின் லைக்கிபியா, அங்குள்ள ம்பாலா ஆய்வு மையம். பூமத்திய ரேகையைச் சற்றே தாண்டி வடக்கில், ஏறத்தாழ 48,000 ஏக்கர் புல்வெளியும் முள்காடும். மாடு மேய்ப்பும் காட்டு விலங்கும் ஒரே நிலத்தில் நடப்பதுதான் இந்த இடத்தின் விசேஷம்.

இங்கே 1995-இல் தொடங்கிய ஒரு சோதனை இன்றும் மாணவர்களுக்குப் பாடம். 4 ஹெக்டேர் அளவில் 18 மனைகள். ஒன்றில் எல்லா மிருகமும் வரலாம், இன்னொன்றில் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் மட்டும் வர முடியாது, வேறொன்றில் மாட்டுக்கு மட்டும் அனுமதி, இப்படி வேலிகளை மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். வேலியின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பார்த்தாலே புல்லின் உயரம், மரத்தின் அடர்த்தி, எலிகளின் எண்ணிக்கை வரை வித்தியாசம் புரியும். சூழலியலில் சோதனை என்றால் என்ன என்று குழப்பமாக இருக்கும் மாணவரை இங்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

அங்கே எங்கு பார்த்தாலும் ‘விசில் முள்’ வேலமரம். முள்ளின் அடிப்பகுதி உருண்டையாக வீங்கி, எறும்பு துளைத்த ஓட்டைகளில் காற்றுப் புகுந்து ஊதும். கிளையைத் தொட்ட மாத்திரத்தில் எறும்புகள் கைமேல் ஏறிவிடும், யானைகூட அந்த மரத்தைத் தவிர்க்கும். பெரிய மிருகங்களை வேலியால் தடுத்த இடத்தில் மரம் எறும்புக்குத் தரும் தேனையும் வீட்டையும் குறைத்துவிடுகிறது, பழைய கூட்டணி குலைந்துபோகிறது என்று 2008-இல் ஓர் ஆய்வு காட்டியது. 2024-இல் வந்த இன்னொன்று இன்னும் நீளமான சங்கிலியைக் காட்டியது. அயல்நாட்டுப் பெருந்தலை எறும்பு நுழைந்து உள்ளூர் எறும்பைக் கொன்றது. காவல் போனதும் யானைகள் மரத்தை முறித்தன. மறைவிடம் குறைந்ததால் சிங்கங்கள் வரிக்குதிரையைப் பிடிப்பது சிரமமாகி, காட்டெருமைப் பக்கம் திரும்பின. எறும்பிலிருந்து சிங்கம்வரை ஒரே கோட்டில் வருகிறது. இதைப் படித்த பிறகும் “எனக்குச் சிங்கம் மட்டும் போதும்” என்று சொல்லும் மாணவர் யாரும் இருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

ஆனால் லைக்கிபியாவில் இஷ்டப்படி இறங்கி நடக்க முடியாது. பெரும்பாலும் வண்டிதான். கால்நடையாகச் செய்யும் வேலைக்குத் துப்பாக்கி ஏந்திய காவலர் கூடவே வருவார். லா செல்வாபோலத் தனியாகப் போய் எறும்புப் பாதையருகே உட்காரும் சுதந்திரம் இங்கே கிடைக்காது. வறட்சிக் காலத்தில் மேய்ச்சல் நிலத்துக்காக மோதல் வரும், 2017-இல் மிக மோசமாக வந்தது. நிலம் யாருடையது, வேலிக்கு வெளியே மாடு மேய்க்கும் சாம்புரு, மசாய் குடும்பங்களின் பக்கம் என்ன என்பதைப் படிக்காமல் போவது தவறு. சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், உகாலி கிட்டத்தட்ட நம் ஊர்க் களிதான்.

மனிதர், யானை மோதலைப் பற்றிப் படிக்க விரும்புகிறவர்களுக்கு அம்போசெலி பக்கம் கிமானாவில், 1980-இல் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் கள ஆய்வுப் பள்ளி ஒரு மையம் நடத்துகிறது. விவசாயிகளிடம் பேட்டி எடுப்பதும் படிப்பின் பகுதி. ஒரு செமஸ்டர் செலவழிக்க முடியாதவர்கள், கேம்பிரிட்ஜைத் தளமாகக் கொண்ட வெப்பமண்டல உயிரியல் சங்கத்தின் ஒரு மாதக் கோர்ஸ்களைப் பாருங்கள். உகாண்டாவின் கிபாலே, மடகாஸ்கரின் கிரிண்டி, டான்சானியாவின் அமானி ஆகிய இடங்களில் நடத்தியிருக்கிறார்கள். ஆப்பிரிக்க மாணவர்களும் ஐரோப்பிய மாணவர்களும் சரிசமமாகக் கலந்து உட்காருவது இதன் பெரிய பலம். யார் விண்ணப்பிக்கலாம் என்பது கோர்ஸுக்குக் கோர்ஸ் மாறும்.

நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். வட துருவத்தை நெருங்கிய 78 பாகையில், லாங்யியர்பியன் ஊரில் 1993-இலிருந்து பல்கலைக்கழக மையம் இருக்கிறது. வந்ததும் பனிக்கரடியிடமிருந்து தற்காத்துக்கொள்ளத் துப்பாக்கிப் பயிற்சி உட்படப் பாதுகாப்பு வகுப்பு. அது பட்டம் தரும் நிறுவனமில்லை, வேறொரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருப்பவர்கள்தான் போக முடியும். பனி, கடல், காலநிலை என்று முடிவு செய்துவிட்டவருக்கு மட்டும் அது நல்ல இடம்.

பணம் வாங்கிக்கொண்டு குட்டி கொஞ்ச விடும் இடங்கள்

இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே கூடாத ஒரு வகை உண்டு. அதைச் சொல்லாமல் விட மனமில்லை. “காட்டுயிர் தன்னார்வலர்” என்ற பெயரில், சிங்கக்குட்டிக்குப் புட்டிப்பால் கொடுக்கலாம், குரங்குக்குட்டியைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம் என்று விளம்பரம் வரும். தாயிடமிருந்து பிரித்துக் கையில் வளர்த்த சிங்கத்தைக் காட்டுக்குள் விட முடியாது. தென்னாப்பிரிக்காவில் இப்படி வளர்ந்த சிங்கங்கள் வேலிக்குள் வைத்துச் சுடும் வேட்டைக்கும் எலும்பு வியாபாரத்துக்கும் போயிருக்கின்றன. கூண்டில் சிங்கம் வளர்க்கும் தொழிலை முடிவுக்குக் கொண்டுவருவதாக அந்நாட்டு அரசு 2021-இல் அறிவித்தது அதனால்தான். எந்த விளம்பரத்தில் மாணவர் கையில் காட்டு மிருகத்தின் குட்டி இருக்கிறதோ, அந்தப் பக்கத்தை அங்கேயே மூடிவிடுங்கள்.

பணம், தாள், ஊசி

அமெரிக்க நிறுவனங்களின் செமஸ்டர் கோர்ஸ் இருபதாயிரம் டாலரைத் தாண்டும். இந்திய ரூபாயில் 16 லட்சத்துக்குக் குறையாது, விமானச் செலவு தனி. அமெரிக்காவில் படிக்கும் நம் பிள்ளைகளுக்குக் கல்லூரி உதவித்தொகை இதில் செல்லுபடியாகலாம், கேட்டுப் பாருங்கள். ஊரிலிருந்து போகிறவருக்கு இது நியாயமான செலவு என்று என்னால் சொல்ல முடியாது. அந்தப் பணத்தில் பாதிக்கும் குறைவாக ஒரு கள நிலையத்தில் நாள் வாடகை கட்டி மாதக்கணக்கில் தங்கிவிடலாம். இந்திய மாணவர்கள், பறவையியலாளர் ரவி சங்கரன் நினைவாக இன்லாக்ஸ் அறக்கட்டளை ஏற்படுத்திய ஃபெல்லோஷிப்பையும் விசாரித்துப் பாருங்கள்.

சுற்றுலா விசாவில் போய் ஆய்வு செய்யக்கூடாது. கென்யாவில் தேசிய அறிவியல் ஆணையத்தின் அனுமதி வேண்டும், சபாவில் பல்லுயிர் மையத்தின் உரிமம் வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும் வேலை இது. நிலையம் உங்களுக்காக விண்ணப்பிக்குமா, நீங்களேதான் செய்ய வேண்டுமா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். கென்யா, உகாண்டா போகிற இந்தியர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டு அட்டை வாங்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். பயணத்துக்குப் பத்து நாளாவது முன்பே போட்டிருக்க வேண்டும். அந்த அட்டை இல்லாமல் திரும்பி வந்தால் இந்திய விமான நிலையத்தில் தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள்.

பெண் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் பாம்பைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். கள நிலையங்களில் தொல்லை பெரும்பாலும் மனிதரிடமிருந்துதான் வருகிறது. தொலைவான இடம், சின்னக் குழு, மேலே இருப்பவர் கையில் எல்லா அதிகாரமும். நடத்தை விதி எழுத்தில் இருக்கிறதா, புகாரை யாரிடம் கொடுப்பது, அந்த ஆள் நிலையத்துக்கு வெளியே இருப்பவரா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். தனிக் கழிப்பறை உண்டா, மாதவிடாய் நாட்களில் களத்தில் என்ன ஏற்பாடு என்றும் கேளுங்கள். ஒழுங்கான நிலையம் இதற்கெல்லாம் தயங்காமல் பதில் சொல்லும்.

யாருக்கு எது

பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டில் இருக்கிறீர்கள், இதுவரை களத்தில் இறங்கியதில்லை என்றால் நீண்ட காலத் தங்கல் வேண்டாம். ஆசிரியர் கூடவே இருக்கும் ஒரு மாதக் கோர்ஸ் போதும். கேள்வி கேட்கத் தெரியவில்லை, ஆனால் ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்ற உறுதி இருக்கிறது, பணத்துக்கும் வழி இருக்கிறது என்றால் லா செல்வா வகைப் படிப்பைப்போல வேறில்லை. புள்ளியியல் பிடிக்கும், பி.எச்டி. வரை போகும் எண்ணம் உண்டு என்பவர் லைக்கிபியாவின் வேலிச் சோதனைகளைப் பாருங்கள்.

எம்.எஸ்சி. முடித்து, ஊருக்குத் திரும்பி வந்து மேற்குத் தொடர்ச்சி மலையிலோ இலங்கையின் ஈரக்காடுகளிலோ வேலை செய்யப் போகிறவருக்கு நான் தயங்காமல் சொல்வது சபா. தூரம் குறைவு, செலவு குறைவு, காட்டின் பிரச்சினை நம் பிரச்சினை. குறைந்தது ஆறு மாதம் தங்குங்கள். இரண்டு வாரத்தில் கேமரா வைக்கக் கற்கலாம், அது என்ன சொல்கிறது என்று புரிந்துகொள்ள முடியாது.

எங்கே போவதானாலும் முன்பே உள்ளூரில் கொஞ்சம் உழைத்துவிட்டுப் போங்கள். பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் ஸ்டீபன் ஹப்பெல், ராபின் ஃபாஸ்டர் இருவரும் 1980-களின் தொடக்கத்தில் 50 ஹெக்டேர் காட்டில் 1 சென்டிமீட்டர் விட்டத்துக்கு மேற்பட்ட எல்லா மரத்தையும் குறியிட்டு அளந்தார்கள். அதே முறையில் முதுமலையில் ஆர். சுகுமாரின் குழு 1988-இல் 50 ஹெக்டேரில் தொடங்கியது. இலங்கையின் சிங்கராஜாவிலும், மலேசியாவின் பாசோவிலும் லம்பிரிலும் அதே முறைதான். முதுமலையிலோ சிங்கராஜாவிலோ நாடா பிடிக்கப் பழகிய கை உலகத்தில் எந்தக் காட்டிலும் வேலை செய்யும். விண்ணப்பத்தைப் படிப்பவர்களுக்கும் அது தெரியும்.

பணம் கட்டும் முன்பு நிலையத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர், சொந்த ஆய்வுக்கு எத்தனை நாள், நான் எடுக்கும் தரவு யாருக்குச் சொந்தம், கட்டுரை வந்தால் என் பெயர் எங்கே வரும், உள்நாட்டு மாணவர்கள் கூடப் படிக்கிறார்களா, அருகிலுள்ள மருத்துவமனைக்கு ராத்திரியில் எப்படிக் கொண்டுபோவீர்கள் என்று கேளுங்கள். கடந்த ஆண்டு அங்கே இருந்த இரண்டு மாணவர்களின் தொடர்பையும் கேளுங்கள். அவர்களில் ஒருவராவது உங்களைப் போலவே இந்தியப் பாஸ்போர்ட்டோ இலங்கைப் பாஸ்போர்ட்டோ வைத்திருப்பவராக இருந்தால், விசாவும் அனுமதியும் எவ்வளவு நாள் இழுக்கும் என்ற சரியான கணக்கு அவரிடம்தான் கிடைக்கும்.